ஈஸ்வரி தேய்த்த கண்ணாடி

2004 என்று சொன்னால் மரக்காணத்துக்காரர்கள் டிசம்பர் மாதத்தைத்தான் பேசுவார்கள். அதைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது அதே வருடம் ஜூன் மாதத்தில் நடந்தது. பஜார் தெருவில் லேடீஸ் டெய்லர் கடை வைத்திருந்த சாமுண்டீஸ்வரியைப் பற்றியது.

ஊரில் அவளை ஈஸ்வரி என்றுதான் கூப்பிடுவார்கள். அப்போது அவளுக்கு நாற்பத்தைந்து வயது. கல்யாணமாகி ஒரு வருடத்தில் புருஷன் வீட்டை விட்டு வந்துவிட்டவள். திரும்பிப் போகச் சொன்ன பெரியவர்களிடம், "நல்ல வீடா இருந்தா நீங்க போயி இருங்களேன்" என்று சொன்னவள். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அண்ணன் சிங்காரத்தின் வீட்டுப் பின்பக்கம் ஓர் அறையில் இருந்துகொண்டு, தையல் மிஷினை மிதித்துத் தன் சோற்றைத் தானே பார்த்துக்கொண்டாள்.

முந்தின வருடம் கார்த்திகையில் ஒரு காலை நேரம், கடையைத் திறந்து மிஷினில் உட்கார்ந்தவளுக்கு இடது கை துணியைப் பிடிக்கவில்லை. இடது கால் பெடலுக்குப் போகவில்லை. பக்கவாதம். புதுச்சேரியில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பொங்கல் கழிந்து சிங்காரம் என்னைக் கூட்டிவந்தார். எனக்குக் கிளியனூர். மிஷன் ஆஸ்பத்திரியில் நோயாளிப் பராமரிப்புப் பயிற்சி எடுத்து, அங்கேயே வேலை பார்த்து, ஓய்வுக்குப் பிறகு வீடுகளில் தங்கிப் படுக்கையில் இருப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் அவள் இடது கையில் ஒரு ரப்பர் பந்தை வைத்து அமுக்கச் சொன்னேன். அவள் வலது கையால் அதை எடுத்து ஜன்னல் வழியாக வெளியே எறிந்தாள்.

"இடது கையால எறிஞ்சிருந்தா சந்தோஷப்பட்டிருப்பேன்" என்றேன்.

"அந்தக் கை வர்ற அன்னிக்கு மொத அடி உங்க மேலதான் சிஸ்டர்."

"சரி. அதுக்காகவாவது வரட்டும்."

வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. ஆனால் பேச்சில் ஒரு குறையும் இல்லை. இப்படிப்பட்டவர்களை எனக்குப் பிடிக்கும். அழுகிற நோயாளியைவிடத் திட்டுகிற நோயாளி சீக்கிரம் எழுந்து உட்காருவார்.

கட்டிலுக்குக் கீழே பெருக்கும்போது பழைய புடவையில் சுற்றிய ஒரு கனமான மூட்டை துடைப்பத்தில் தட்டியது. "மெதுவா! மெதுவா!" என்று கத்தினாள். பிரித்துப் பார்த்தேன். தோசை அகலத்தில் இரண்டு கண்ணாடி வட்டுகள். விரல் பருமன். ஒன்றின் முகம் பால் ஊற்றியதுபோல மங்கலாக இருந்தது.

"இது இன்னாது?"

"டெலஸ்கோப்புக் கண்ணாடி. பாதியில நிக்குது, என்னை மாதிரியே."

மரக்காணத்தில் ஒரு வான்நோக்குக் கழகம் இருந்தது எனக்கு அப்போதுதான் தெரியும். பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுக்கும் வெற்றிச்செல்வன்தான் செயலாளர். சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் உப்பளத்து வரப்பில் கூடுவார்கள். அங்கே தெருவிளக்கு கிடையாது, மரம் கிடையாது, மறைக்கிற கட்டடம் ஒன்றும் கிடையாது. வானம் தரை வரைக்கும் இறங்கி நிற்கும். செல்போன் கடைக்காரர், தபால்காரர், உப்பளத்து மேஸ்திரி பச்சமுத்து என்று கலந்து கட்டிய கூட்டம். பெண் என்று ஈஸ்வரி ஒருத்திதான்.

அவள் சேர்ந்தது வேலை நிமித்தம். பக்கத்து வெளிச்சம் உள்ளே வராமல் டெலஸ்கோப்புக்குக் கறுப்பு உறை தைக்க வேண்டும் என்று வெற்றிச்செல்வன் கடைக்கு வந்திருக்கிறார். எதற்கு அளவு எடுக்கிறோம் என்று தெரியாமல் அவள் கத்தரிக்கோலைத் தொடமாட்டாள். அதனால் சனிக்கிழமை போய்ப் பார்த்திருக்கிறாள். அன்றைக்குச் சனிக் கிரகம். வளையத்தோடு தெரிந்ததாம். "நம்மள ஏழரை வருஷம் ஆட்டி வெக்கிறவன் இத்துனூண்டுதானா?" என்று கேட்டாளாம். அடுத்த வாரமும் போனாள். அதற்கடுத்த வாரமும் போனாள்.

பெரியதாக ஒரு டெலஸ்கோப்பைத் தாங்களே செய்யலாம் என்று கழகம் அந்தக் கண்ணாடி வட்டுகளை வாங்கியது. இரண்டு வட்டுக்கும் நடுவில் கரகரப்பான பொடியும் தண்ணீரும் போட்டு, மேல் வட்டை முன்னும் பின்னும் தள்ளித் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்க மேல் வட்டு கிண்ணம்போல லேசாகக் குழியும். பிறகு அதைவிட நைசான பொடி. பிறகு அதைவிட நைசு. மாதக் கணக்கில் ஆகும். ஆண்பிள்ளைகள் ஒவ்வொருவராக எடுத்துப் போய், இடுப்பு வலி என்று திருப்பிக் கொடுத்தார்கள். கடைசியில் ஈஸ்வரி வாங்கிக்கொண்டாள். முக்கால் வேலை முடிந்த நேரத்தில் கை போனது.

நான் வந்த இரண்டாவது வாரம் வெற்றிச்செல்வன் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். நல்ல மனிதர். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, உடம்பு எப்படி, சாப்பாடு எப்படி என்று எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் வந்த விஷயத்துக்கு வந்தார்.

"ஈஸ்வரிக்கா, ஜூன் எட்டாம் தேதி வெள்ளி கிரகம் சூரியனுக்குக் குறுக்க போவுது. பட்டப்பகல்ல. இப்ப உசுரோட இருக்கிற யாரும் அதைப் பார்த்ததில்லை. அதுக்குள்ள நம்ம டெலஸ்கோப் ரெடியாவணும்."

"ஆவட்டும்."

"அதான்... புதுச்சேரியில காலேஜ் பசங்க கிட்ட மிஷின் இருக்குது. கண்ணாடிய குடுத்தீங்கன்னா மிச்சத்த அவங்க முடிச்சுடுவாங்க."

சிங்காரம் வாசலில் நின்றிருந்தார். "எடுத்துட்டுப் போங்க சார். கட்டிலுக்குக் கீழ எடத்தை அடைச்சுட்டு இருக்குது" என்றார்.

"ண்ணா, நீ சும்மா இரு" என்றாள் ஈஸ்வரி. பிறகு வெற்றிச்செல்வன் பக்கம் திரும்பினாள். "சார், பாதி தைச்ச ஜாக்கெட்ட வேற டெய்லர் கிட்ட குடுத்தா அவன் மொதல்ல இன்னா செய்வான் தெரியுமா? பிரிப்பான். நான் போட்டது எதுவும் மிஞ்சாது. கண்ணாடி இங்கதான் இருக்கும். நான் முடிச்சுத் தர்றேன்."

"கையி..."

"கை எனக்குத்தான வரல? உங்களுக்கு இன்னா?"

வெற்றிச்செல்வனுக்கு முகம் சிவந்துவிட்டது. சித்திரை முடியும்வரை பார்க்கலாம், அதற்குள் கண்ணாடி தேறாவிட்டால் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அது அவர் போட்ட கெடு. அவளுக்கு இருந்த இன்னொரு கெடுவை டாக்டர் போட்டிருந்தார். முதல் ஆறு மாதத்தில் எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவுதான், அதற்குப் பிறகு பெரிதாக எதிர்பார்க்க முடியாது என்று. இரண்டு கெடுவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடிந்தன.

அன்று சாயங்காலம் நான் கேட்டேன். "இதை எப்படித் தேய்ப்பே? உக்காந்தா, நின்னா?"

"நின்னுதான். டிரம்மு மேல வெச்சு, அதை சுத்திச் சுத்தி நடந்துகிட்டே தேய்க்கணும். ஒரே பக்கமா நின்னு தேய்ச்சா கோணையாயிடும்."

எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஆஸ்பத்திரியில் பக்கவாதக்காரர்களை நடக்கவைக்க இரண்டு பக்கமும் கம்பி வைத்த பாதை இருக்கும். பிடித்துக்கொண்டு நடப்பார்கள், சலித்துப்போய் இரண்டாம் நாளே உட்கார்ந்துவிடுவார்கள். இங்கே ஒருத்தி தானாக முன்வந்து டிரம்மைப் பிடித்துக்கொண்டு சுற்றி நடக்கிறேன் என்கிறாள். தோள், முழங்கை, இடுப்பு, கால் எல்லாவற்றுக்கும் வேலை இருக்கிறது. நான் வேறு என்ன கேட்பேன்?

சிங்காரம் தண்ணீர் பிடிக்க வைத்திருந்த இரும்பு டிரம்மை எடுத்துக்கொண்டேன். அது ஆடாமல் நிற்க உள்ளே பாரம் வேண்டும். மணல் கொட்டலாம் என்றேன். ஈஸ்வரி பதறிப்போனாள். ஒரு மணல் துகள் பறந்து வந்து நடுவில் மாட்டினால் கண்ணாடி முழுக்கக் கீறிவிடும், மணலை வீட்டுக்குள்ளேயே விடக்கூடாது என்றாள். பச்சமுத்துவுக்குச் சொல்லி அனுப்பினோம். அவர் விலைக்குப் போகாத அழுக்கு உப்பைச் சைக்கிளில் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டினார். உப்பு பறந்து விழுந்தாலும் தண்ணீரில் கரைந்துவிடும், கீறாது. மேலே பலகை வைத்து ஆணி அடித்தோம்.

"வீட்டுக்குள்ள உப்பு டிரம்மு. எங்கியாவது உண்டா?" என்றார் சிங்காரம்.

"ஊரே உப்பு மேலதான் இருக்குது. வூட்ல ஒரு டிரம்மு இருந்தா இன்னா?" என்றாள் ஈஸ்வரி.

முதல் நாட்கள் பார்க்கச் சகிக்காது. இடது கையைத் தூக்கிக் கண்ணாடி மேல் வைத்து, வழுக்காமல் இருக்க ஒரு ரிப்பனால் தளர்வாகக் கட்டிவிடுவேன். வலது கை தள்ளும், இடது கை கூடவே இழுபடும். ஒரு தள்ளு, ஒரு இழுப்பு, ஓர் அடி நகர்வு. இடது கால் பின்தங்கும். நான் அவள் இடுப்பில் கட்டிய பட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே சுற்றுவேன். கண்ணாடியும் கண்ணாடியும் உரசும் சத்தம் பல்லைக் கூசவைக்கும். ஒரு சுற்று முடிந்ததும் நாற்காலியில் விழுவாள்.

"செக்கு மாடு மாதிரி சுத்த விடறீங்களே சிஸ்டர்."

"செக்கு மாடு பேசாம சுத்தும்."

மாசி போய்ப் பங்குனி வந்தது. ரிப்பனை எடுத்துவிட்டேன். கை தானாகக் கண்ணாடி மேல் நின்றது. தோள் முதலில் வந்தது, பிறகு முழங்கை. அப்படித்தான் வரும். விரல்கள் மட்டும் மடங்கியே இருந்தன. ஒவ்வொரு பொடி மாற்றும்போதும் டிரம், பலகை, கை, புடவை எல்லாவற்றையும் கழுவ வேண்டும். பழைய பொடியில் ஒரு துகள் மிச்சம் இருந்தாலும் புதுப்பொடி வேலை பாழ். ஈஸ்வரி என்னை மூன்று தடவை கழுவ வைப்பாள். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டரில்கூட நான் இவ்வளவு பேச்சு வாங்கியதில்லை.

கடைசியில் மெருகு. அதற்கு அடி வட்டின் மேல் தார்போன்ற ஒரு பிசினை உருக்கி ஊற்றி, சிவப்புப் பொடியைக் கரைத்துத் தேய்க்க வேண்டும். பால் கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. ஒரு நாள் அதன் வழியாக டிரம்மின் ஆணி தெரிந்தது. அவள் அன்றைக்கு இரண்டு இட்லி அதிகம் சாப்பிட்டாள்.

சித்திரைக் கடைசியில் வெற்றிச்செல்வன் சோதனை செய்ய வந்தார். அறையின் ஜன்னலையும் கதவையும் சாத்தி, ஓட்டை போட்ட டப்பாவுக்குள் ஒரு விளக்கு, பக்கத்தில் ஒரு ஷேவிங் பிளேடு. கண்ணாடியை எதிரே நிறுத்தி, பிளேடை இம்மி இம்மியாக நகர்த்தி அது எறிகிற நிழலைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ஈஸ்வரி நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாள்.

"நடுவுல அருமையா வந்திருக்குதுக்கா" என்றார்.

"அப்புறம்?"

"ஓரம் எறங்கிடுச்சு. சுத்தியும். விளிம்புல நீங்க அழுத்தி இருக்கீங்க."

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. இத்தனை வருடம் தைத்த ஜாக்கெட்டுக்கெல்லாம் ஓரம் மடித்து, இஸ்திரிப் பெட்டியை விளிம்பு வரைக்கும் கொண்டுபோய், அங்கே ஓர் அழுத்து அழுத்தி எடுப்பவள் அவள். ஓரம் நின்றால்தான் துணி நிற்கும். அந்தப் பழக்கம் கண்ணாடியிலும் வந்திருக்கிறது. மெருகு போடும்போது ஒவ்வொரு தள்ளிலும் வட்டை விளிம்பு தாண்டிக் கொண்டுபோய், வலது கையை ஊன்றி அழுத்தியிருக்கிறாள். நான் பின்னால் நின்று காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மறுபடி தேய்க்கணுமா?"

"ஆமாங்க. ரெண்டு பொடி பின்னாடி போயி, அங்கேர்ந்து வரணும். ஜூனுக்கு முடியாது." வெற்றிச்செல்வன் பிளேடைத் தாளில் சுற்றினார். "நான் சொல்றத கேளுங்க. கழகத்துல எல்லாரும் கேக்கறாங்க. காலேஜ் பசங்களுக்குக் குடுத்தா மிஷின்ல போட்டு ஜூனுக்குள்ள குடுத்துடுவாங்க. உங்க பேரைக் கண்டிப்பா போட்டுடலாம்."

"பேரு எனக்கு இன்னாத்துக்கு? ரேஷன் கார்டுல இருக்குது." அவள் டிரம்மைப் பிடித்துக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தாள். "நல்லா இருக்கிற எடம் எவ்வளோ?"

"நடுவுல நாலு அங்குலம். கொஞ்சம் மேலயே இருக்கும்."

"அப்ப கெட்டுப்போன ஓரத்த மறைங்க."

"மறைக்கலாம்... அப்படி செய்யறது உண்டுதான். கறுப்பு வளையம் போட்டு மூடிடுவாங்க. ஆனா ஆறு அங்குலக் கண்ணாடிய நாலு ஆக்கினா வெளிச்சம் கொறைஞ்சுடுமே."

"சார், நாம பார்க்கப்போறது சூரியனை. அதுக்கு வெளிச்சம் பத்தாதா?"

வெற்றிச்செல்வன் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். முதல் தடவையாக நுனியில் இல்லாமல். யோசித்துப் பார்த்தால் இன்னொரு வசதியும் இருக்கிறது என்று அவரே சொன்னார். கண்ணாடிக்கு வெள்ளிப் பூச்சு இன்னும் போடவில்லை. பூச்சு இல்லாத கண்ணாடி வெயிலைக் கொஞ்சமாகத்தான் திருப்பி அனுப்பும். அதனால் குழாயும் சூடாகாது, திரையும் கருகாது. சூரியனின் உருவத்தை ஒரு வெள்ளைத் துணியில் விழவைத்தால் கண்ணை வைக்காமலே எல்லோரும் பார்க்கலாம்.

"ஆனா கழகத்துல ஒத்துக்க மாட்டாங்க" என்றார்.

"யாரு ஒத்துக்க மாட்டாங்களோ அவங்கள இங்க வரச் சொல்லுங்க. ஒரு ரவுண்டு தேய்ச்சுட்டுப் பேசட்டும்."

யாரும் வரவில்லை. கழகம் புதுச்சேரியிலிருந்து அந்த ஒரு நாளைக்கு ஒரு நல்ல டெலஸ்கோப்பை இரவல் வாங்க ஏற்பாடு செய்தது. ஈஸ்வரியின் கண்ணாடியும் ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று முடிவானது. அவள் கறுப்பு சாட்டின் துணியில், உள்ளே கான்வாஸ் வைத்து, அந்த வளையத்தைத் தைத்தாள். வலது கையால் மிஷின் சக்கரத்தைச் சுற்றி, இடது கையின் மடங்கிய முட்டியால் துணியை அழுத்திப் பிடித்து. கோணல் இல்லாமல் வந்தது. பச்சமுத்து பி.வி.சி. குழாயை அறுத்துக் கொடுத்தார். வெற்றிச்செல்வன் மற்றதைப் பொருத்தினார்.

ஜூன் எட்டு, செவ்வாய்க்கிழமை. காலையில் அவளுக்குப் பிரஷர் பார்த்தேன். சரியாக இருந்தது. மாத்திரை கொடுத்தேன். தலைக்கு ஈரத்துண்டு, பையில் மோர், குடை. புறப்படும்போது சிங்காரம் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"இந்த வெயில்ல உப்பளத்துக்கா? உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்குது? விழுந்து கெடந்தா எவன் தூக்குவான்?"

"விழுந்தா கூப்புடறேன், வா."

"ஊரு பூரா வரும். வாயி கோணிக்கினு, காலை இழுத்துக்கினு நீ போறத பார்த்து நாலு பேரு நாலு பேச்சு பேசுவாங்க. எனக்குத்தான் அசிங்கம்."

அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஆனால் குரல் மாறவில்லை. "பேசட்டும். வாய் கோணினவ நானு. நல்ல வாயி வெச்சிருக்கிறவங்க பேசத்தான செய்வாங்க?"

சிங்காரம் என் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், பெரியவங்க நீங்களாவது சொல்லக் கூடாதா? ஒண்ணு ஆச்சுன்னா யாரு பொறுப்பு?"

"நான் பொறுப்பு. நவுருங்க" என்றேன்.

ஷேர் ஆட்டோ உப்பள ஆபீஸ் வரைக்கும்தான் போகும். அதற்கு மேல் வரப்பு. இரண்டு பக்கமும் பாத்திகளில் தண்ணீர் கண்ணாடிபோலத் தகதகத்தது. வெள்ளை வெயில் கீழேயிருந்தும் அடித்தது. காலை வேலை முடித்த பெண்கள் தலைத்துணியை உதறிக்கொண்டு எதிரே வந்தார்கள். ஒருத்தி நின்றாள்.

"இன்னா ஈஸ்வரிக்கா, இவ்ளோ தூரம்? அளவு எடுக்க வந்தியா?"

"ஆமா. சூரியனுக்கு."

"அவனுக்கு துணி தைக்கணும்னா மரக்காணம் பஜார்ல இருக்கிற துணி பத்தாது."

"அதான் அளவு கொறைச்சுட்டு வந்திருக்கிறேன். வா, காட்றேன்."

நாலைந்து பேர் வீட்டுக்குப் போவதை விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தார்கள். அவள் வலது கையில் ஊன்றுகோல், இடது பக்கம் நான். வழியில் உட்கார வைக்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

பச்சமுத்துவின் உப்புக் கொட்டகை கீற்று வேய்ந்தது. உள்ளே இருட்டு. வாசலுக்கு வெளியே ஈஸ்வரியின் குழாயை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். ஜூன் மாதத்தில் உச்சிவேளை நெருங்க நெருங்கச் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்துவிடும். குழாய் செங்குத்தாக நிற்க, அதன் பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் நேராகக் கொட்டகைக்குள் போய், உப்புக் குவியலுக்கு முன்னால் கட்டியிருந்த வெள்ளை பாப்லின் துணியில் விழுந்தது.

இரவல் டெலஸ்கோப், முகத்தில் சூரிய வடிகட்டி மாட்டி, சற்றுத் தள்ளி வரப்பின் மேட்டில் இருந்தது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் இரண்டிலும் பார்த்தேன். அதில்தான் தெளிவாகத் தெரிந்தது. சூரிய விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல இருந்தது. ஈஸ்வரியின் துணியில் விழுந்த சூரியன் விளிம்பில் கொஞ்சம் கசங்கித்தான் இருந்தது. ஆனால் இரவல் டெலஸ்கோப்பில் பார்க்க ஸ்டூலில் ஏறி, கழுத்தைத் திருப்பி, ஒற்றைக் கண்ணை வைக்க வேண்டும். ஒருவர் பார்த்து இறங்கும்வரை மற்றவர்கள் வெயிலில் காய வேண்டும். இங்கே நிழலில் நின்று மொத்தக் கூட்டமும் பார்க்கலாம். ஈஸ்வரியால் ஏற முடியாத ஸ்டூல் இங்கே தேவையில்லை.

முதலில் வெறும் வட்டம்தான் தெரிந்தது. சாப்பாட்டுத் தட்டு அகலத்தில், மஞ்சள் இல்லாத வெள்ளை. மேகம் ஒன்று வந்து அதை அணைத்துவிட்டுப் போனது. வட்டம் திரும்ப வந்தபோது அதன் ஓரத்தில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்பு இருந்தது.

"அதோ! அதோ! உள்ள வந்துடுச்சு!" வெற்றிச்செல்வன் குதித்தார். மேட்டிலிருந்து கழகத்துக்காரர்கள் ஓடிவந்தார்கள்.

"அது கண்ணாடியில அழுக்கா இருக்கப்போவுது" என்றார் செல்போன் கடைக்காரர்.

"அழுக்கு நகருமா? உன் கண்ணுல இருக்கிறது நகராது, இது நகருது பாரு" என்றாள் ஈஸ்வரி. பெண்கள் சிரித்தார்கள்.

கூட்டம் பெருகிக்கொண்டே போனது. அந்த நேரத்தில்தான் சிங்காரம் வந்தார். மத்தியானச் சோற்று நேரம் தாண்டியும் தங்கை வரவில்லை என்று கோபமாக, கையில் குடையோடு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்தார். வெளியே வெள்ளை வெயிலில் நடந்து வந்தவருக்கு உள்ளே ஒன்றும் தெரியவில்லை. நேராகப் போய்த் துணிக்கு முன்னால், அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"எங்க அவ? ஈஸ்வரி! கெளம்பு வூட்டுக்கு!"

கொட்டகையே சிரித்தது. சூரியன் அவருடைய வெள்ளைச் சட்டையில், சரியாகப் பாக்கெட்டுக்கு மேலே விழுந்திருந்தது. அவர் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் கூட்டத்தைப் பார்த்தார். தங்கையைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். முகம் இறுகிவிட்டது. "இன்னாத்துக்கு சிரிக்கிறீங்க?" என்று குடையை ஓங்கினார்.

"ண்ணா, ஆடாத. உன் சட்டையில பாரு."

ஈஸ்வரி அவரிடம் நடந்துபோனாள். நான் பின்னால் போகவில்லை. வலது கை ஊன்றுகோலை விட முடியாது. விட்டால் விழுவாள். அதனால் இடது கையைத் தூக்கினாள். தோளிலிருந்து, முழங்கை நீண்டு, யாரும் தாங்காமல், அண்ணனின் நெஞ்சு உயரத்துக்கு. விரல்கள் மடங்கித்தான் இருந்தன. மடங்கிய விரலின் முட்டியால் அந்தக் கறுப்புப் புள்ளியைத் தொட்டுக் காட்டினாள்.

"இதுதான் வெள்ளி. நான் தேய்ச்ச கண்ணாடியில வந்தது."

சிங்காரம் சட்டையைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார். கார்த்திகையிலிருந்து அந்தக் கை தொங்கிக்கொண்டிருந்ததைத்தான் அவர் பார்த்திருந்தார். நான் டிரம்மைச் சுற்ற வைத்தபோதெல்லாம் அவர் அந்த அறைப் பக்கம் வந்ததேயில்லை.

"பார்த்தாச்சு இல்ல? இப்ப நவுரு. பின்னாடி நிக்கிறவங்களுக்கு மறைக்குது."

நகர்ந்தார். நகர்ந்து, வாசலில் குழாயின் வெளிச்சத்தை மறைக்காமல் ஓரமாகப் போய் நின்று, உள்ளே வெயில் வராதபடி குடையை விரித்துப் பிடித்துக்கொண்டார். அவரை யாரும் பிடிக்கச் சொல்லவில்லை. நான் ஈஸ்வரிக்கு மோரைக் கொடுத்து, கையை இறக்கி மடியில் வைத்தேன். தோள் நடுங்கிக்கொண்டிருந்தது. தோள் மட்டம் வரைக்கும் கை தானாகத் தூக்கினால் ஜாக்கெட் போட்டுக்கொள்ளலாம், தலை சீவிக்கொள்ளலாம். எனக்கு அன்றைக்கு வேண்டியது அது.

டாக்டர் சொன்னது பொய்யில்லை. விரல்கள் அதற்கு மேல் திறக்கவில்லை. ஊசியில் நூல் கோர்க்க அவளுக்கு இன்றைக்கும் ஆள் வேண்டும். ஆனால் ஆடி மாதம் கடையைத் திறந்தாள். கட்டிங் மட்டும் தானே செய்துகொண்டு, தைப்பதற்கு ஒரு பெண்ணை வைத்துக்கொண்டாள்.

ஜூன் கடைசியில் வெற்றிச்செல்வன் வந்தார். கழகத்தில் எல்லோரும் ஒரே மனதாகச் சொல்லிவிட்டார்கள், கண்ணாடிக்குப் பூச்சு போட அனுப்பலாம், அந்தக் கறுப்பு வளையத்தோடே வைத்துக்கொள்ளலாம் என்றார். அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னார்.

"வளையத்தோடயா?" என்றாள். "அது சூரியனுக்கு. ராத்திரியில பார்க்கறதுக்கு ஆறு அங்குலமும் வேணும். இப்ப தர மாட்டேன்."

"இன்னும் எத்தினி மாசம்க்கா?"

"ஓரம் நிக்கிற வரைக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் டிரம்மின் மேல் பலகையைக் கழுவப் போய்விட்டேன். மூன்று தடவை கழுவாவிட்டால் பேச்சு வாங்க வேண்டும்.